நிரல்களைச் சோதிக்கும் முறையும் அதன் திருத்தமும்

கொல்கத்தா நகரின் வடபால் பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்தில், 1955-ஆம் ஆண்டு, ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனியார் செய்த இந்த யந்திரமே இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணிப்பொறியாகும். 1958-இல் சோவியத் நாட்டிலிருந்து யுரால் என்னும் யந்திரம் வந்தது. 1966-இல் ஸ்தாபனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக் கழகமும் கூடி, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்னும் யந்திரத்தைத் தாமே அமைத்தன. இவை மூன்றும் இன்று பழங்கதையாகி விட்டன. ஆயினும் அவற்றோடு வந்த ஒரு வினா இன்னும் பழமையடையவில்லை. யந்திரம் தனக்கு இட்ட கட்டளையை வழுவாமல் நிறைவேற்றும். கட்டளையே பிழையாக எழுதப்பட்டிருந்தால் அதையும் வழுவாமல் நிறைவேற்றும். வெளிவரும் விடை சரியானது என்று எதைக் கொண்டு நம்புவது?

யந்திரம் வருவதற்கு முன்பே ஸ்தாபனத்தார் இவ்வினாவை வேறொரு வடிவில் சந்தித்திருந்தனர். ஸ்தாபனத்தை 1931-இல் நிறுவிய பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிரான பரப்பை மாதிரி ஆய்வு முறையால் மதிப்பிடலானார். வயலுக்குச் சென்று குறித்து வரும் பணியாளர் தவறு செய்தால், அலுவலகத்தில் இருப்போர் அதை எங்ஙனம் அறிவது? அவர் கண்ட வழி, ஒரே பரப்பிலிருந்து இரண்டு துணை மாதிரிகளைத் தனித்தனியே தேர்ந்து, இரண்டு குழுக்களிடம் ஒப்படைப்பதாகும். ஒரு குழுவின் முடிவு மற்றதற்குத் தெரியாது. இரண்டு விடைகளும் ஏறத்தாழ ஒத்திருந்தால் நம்பலாம். பெரிதும் வேறுபட்டால் எங்கோ கோளாறு உண்டு. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் இம்முறையைக் கைக்கொண்டது. இதில் சோதனையானது வேலை முடிந்த பின்னர் மேலே ஒட்டப்படும் சீட்டாக இராமல், வேலையின் அமைப்பிலேயே கலந்திருந்தது கவனிக்கத்தக்கது.

கணிப்பொறி நிரல்களுக்கு இதை ஒத்த ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்கு அலகுச் சோதனை என்று பெயர். நிரல் முழுவதையும் ஓட்டிப் பார்த்து முடிவை ஆராய்வதற்கு மாறாக, நிரலின் சிறு பகுதி ஒவ்வொன்றையும், அதாவது செயற்கூறு ஒவ்வொன்றையும், தனியே எடுத்து, விடை முன்பே தெரிந்த கணக்கை அதற்குக் கொடுத்துப் பார்ப்பது இம்முறை. இச்சோதனைகளும் நிரல்களாகவே எழுதப்படுவதால், மூல நிரலில் ஒரு வரி மாறினாலும் எல்லாச் சோதனைகளையும் மறுபடி நொடிப் பொழுதில் ஓட்டி விடலாம்.

மேற்கு வங்காளத்து நில அளவையை உதாரணமாகக் கொள்ளலாம். அங்கே 16 சடாக் ஒரு கட்டா. 20 கட்டா ஒரு பிகா. ஒரு சடாக் 45 சதுர அடி. எனவே ஒரு கட்டா 720 சதுர அடி, ஒரு பிகா 14,400 சதுர அடி. பயிர்ச் சேதத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்றில், பிகா, கட்டா, சடாக் ஆகிய மூன்று எண்களைப் பெற்றுச் சதுர அடியைத் தரும் செயற்கூறு ஒன்று சி மொழியில் எழுதப்படுவதாகக் கொள்க. எழுதுபவர் கட்டாவை 20-ஆல் வகுத்துப் பிகாவோடு கூட்டி, பின்னர் 14,400-ஆல் பெருக்குகிறார். கணக்கு முறை சரியே. ஆனால் சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி உதிர்ந்து விடும். 10-ஐ 20-ஆல் வகுத்தால் அரை கிடைப்பதில்லை, சுழி கிடைக்கும். ஆகவே 2 பிகா 10 கட்டா நிலம் உடைய குடியானவருக்கு 36,000 சதுர அடிக்குப் பதிலாக 28,800 சதுர அடி என்றே கணக்காகும். அரை பிகா நிலத்தின் பயிர் ஏட்டிலிருந்து மறைந்து போகும். நிரல் நின்று விடாது, எச்சரிக்கையும் தராது.

இச்செயற்கூற்றுக்கு ஒருவர் மூன்று சோதனைகள் எழுதுகிறார்: 1 பிகா கொடுத்தால் 14,400 வர வேண்டும், 20 கட்டா கொடுத்தாலும் 14,400, 40 கட்டா கொடுத்தால் 28,800. மூன்றும் தேறி விடும்! பிழை மட்டும் அப்படியே இருக்கும். காரணம், மூன்று எண்களும் மீதியின்றி வகுபடுபவை. 19 கட்டா 15 சடாக் என்று கொடுத்திருந்தால் 14,355 வர வேண்டிய இடத்தில் சுழி வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். எல்லையை அடுத்துள்ள எண்களையே சோதனைக்கு எடுக்க வேண்டும் என்று நிரல் எழுதுவோர் சொல்வது இதனாலேதான். பிழையைத் திருத்துவது எளிது. எல்லாவற்றையும் முதலில் சடாக்காக மாற்றிக் கொண்டு, பின்னர் 45-ஆல் பெருக்கினால் வகுத்தலுக்கே இடமில்லை.

ஒரு செயற்கூற்றுக்கு நாலைந்து சோதனைகள் வீதம், பெரிய நிரல் தொகுதி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் சோதனைகள் சேரும். அவற்றை வரிசைப்படுத்தி ஓட்டவும், தவறியவற்றைப் பிரித்துக் காட்டவும் ஒரு பொது அமைப்பு தேவைப்படும். அதுவே சோதனைச் சட்டகம். சட்டகமும் மனிதர் எழுதிய நிரலே ஆகையால் அதிலும் குறைகள் உண்டு. அக்குறைகள் எத்தகையன, அவை எங்ஙனம் திருத்தப்பட்டன என்பதற்கு ஜிலிப் என்னும் நிரல் களஞ்சியத்தின் வரலாறு நல்ல சான்றாகும்.

பல நிரல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் செயற்கூறுகளைத் தொகுத்து வைத்திருப்பதை லைப்ரரி என்பர். களஞ்சியம் என்ற சொல் அதற்குப் பொருந்தும். ஜிலிப், சி மொழியில் எழுதப்பட்டு, யாரும் எடுத்தாள உரிமையளிக்கப்பட்ட களஞ்சியம். லினக்ஸ் கணினிகளில் க்னோம் என்னும் திரை அமைப்பு இதன் மீது எழுப்பப்பட்டது. வங்காளம், தமிழ் முதலிய மொழிகளின் எழுத்துக்களைத் திரையில் கூட்டி உருவமைக்கும் பாங்கோ என்னும் களஞ்சியமும் இதன் துணையை நாடுவதே. கொல்கத்தாப் பள்ளி ஒன்றில் அத்தகைய கணினியில் வங்காளப் பாடம் திரையில் தோன்றும்போது, பின்னால் ஜிலிப்பின் செயற்கூறுகள் வேலை செய்து கொண்டிருக்கும்.

எழுத்துக்களை எண்ணும் செயற்கூற்றைச் சோதிப்பதில் உள்ள சிக்கலை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். “கொல்கத்தா” என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கள் ஐந்து: கொ, ல், க, த், தா. யூனிகோட் முறையில் கொம்பு, கால், புள்ளி முதலிய குறிகளுக்குத் தனி எண்கள் உண்டு. அம்முறையில் இச்சொல் ஒன்பது குறிகளாகும். யு.டி.எஃப்.-8 என்னும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிப்பதால் மொத்தம் 27 பைட். இதற்கு மேலும் ஒன்று உண்டு. “கொ”வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். பின்னதில் பத்துக் குறிகள், 30 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. பட்டியலில் பெயரைத் தேடும் நிரலுக்கோ இவை இரு வேறு சொற்கள். இவ்விரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும் செயற்கூறு ஜிலிப்பில் உண்டு. ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்டு சோதித்தால் ஐந்து எழுத்து, ஐந்து குறி, ஐந்து பைட் என்றே வரும். நம் மொழிகளில் நேரும் பிழை ஒன்றும் அச்சோதனையில் அகப்படாது. இம்மொழிகளை அறிந்தவர்கள் எழுதித் தரும் சோதனைகளுக்கு உள்ள மதிப்பு இதனால் விளங்கும்.

ஜிலிப்பில் சோதனைச் சட்டகம் முதலில் சேர்க்கப்பட்டது 2008-ஆம் ஆண்டு வெளியான 2.16 பதிப்பில். அதற்கு முன் சி மொழியில் எழுதுவோர் பெரும்பாலும் அம்மொழியோடு வரும் அசர்ட் என்னும் உறுதிக் கூற்றையே நம்பியிருந்தனர். “இது உண்மையாயிருக்க வேண்டும்” என்று ஓரிடத்தில் எழுதி வைத்தால், உண்மையாக இல்லாதபோது நிரல் அங்கேயே நின்று விடும். நிற்கும்போது அது சொல்லும் செய்தி, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் எந்தக் கூற்று பொய்த்தது என்பது மட்டுமே. விடை என்னவாக வந்தது என்பதைச் சொல்லாது. புதிய சட்டகம் ஒப்பிடும் உறுதிக் கூற்றுக்களைத் தந்தது. 14,355 வர வேண்டியது, வந்தது சுழி என்று இரண்டு எண்களையும் அது அச்சிடும். சுழியைக் கண்டவுடனே வகுத்தலின் மேல் ஐயம் பிறக்கும். பிழையைத் தேடுவோருக்கு இச்சிறு செய்தி ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தக் கூடும்.

அதே பதிப்பில் வந்த மற்றொரு வசதி புள்ளியியலார் உள்ளத்துக்கு உவப்பானது. சோதனைக்குரிய எண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கச் சட்டகமே வழி செய்கிறது. எளிய எண்களையே நாடும் மனிதரின் பழக்கத்தை இது தவிர்க்கும். ஆனால் தற்செயலாக வந்த எண்ணால் தவறிய சோதனை மறு நாள் வேறு எண்ணோடு தேறி விட்டால் பிழையை எங்கே தேடுவது? எனவே எண் வரிசை பிறந்த வித்தெண்ணைச் சட்டகம் அச்சிட்டு வைக்கும். அவ்வித்தைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை மறுபடி வரும்.

முதற் சட்டகத்தில் இருந்த பெரிய குறை, ஒரு சோதனை தவறினால் அந்நிரல் முழுவதும் நின்று போவதாகும். நாற்பது சோதனைகளில் மூன்றாவது தவறினால் மீதி முப்பத்தேழும் ஓடாமலே கிடக்கும். அவற்றில் வேறு எத்தனை தவறுமோ, தெரியாது. சில மொழிகளில் ஒரு பகுதியில் நேர்ந்த தவறைப் பிடித்து, அப்பாற் செல்லும் வசதி மொழியிலேயே உண்டு. சி மொழியில் அஃது இல்லை. மேலும் சி மொழியில் நினைவகத்தின் தவறான இடத்தைத் தொட்டுவிடும் நிரலை இயங்குதளமே கொன்று விடும். அப்போது சட்டகமும் சேர்ந்து சாகும்.

இதற்குப் பொதுவாகக் கண்ட பரிகாரம், ஆபத்தான சோதனையைத் தனிப் புராசஸில் ஓட்டுவது. புராசஸ் என்பது, ஓடும் நிரல் ஒன்றுக்கு இயங்குதளம் ஒதுக்கித் தரும் தனி அறை போன்றது. ஓர் அறை இடிந்தாலும் அடுத்த அறை நிற்கும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில், ஓடிக் கொண்டிருக்கும் புராசஸை அப்படியே இரட்டிக்கும் ஃபோர்க் என்னும் கட்டளை உண்டு. சி மொழிக்கான செக் என்னும் சட்டகம் இதைக் கொண்டே சோதனைகளைப் பிரித்து ஓட்டுவது. ஜிலிப்பும் 2008-இல் இவ்வழியையே மேற்கொண்டது.

ஆனால் ஃபோர்க்கில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் நான்கு குமாஸ்தாக்கள் ஒருங்கே வேலை செய்வதாகக் கொள்க. அவர்களில் ஒருவர் பீரோவைப் பூட்டித் தம் வேலையை நடத்திக் கொண்டிருக்கிறார். அந்நேரத்தில் அலுவலகம் முழுவதையும் மந்திரத்தால் இரட்டித்தால், மேசை, பீரோ, பூட்டு எல்லாம் புதிய அலுவலகத்திலும் இருக்கும். குமாஸ்தாக்களில் மட்டும் இரட்டிக்கச் சொன்ன ஒருவரே இருப்பார். பீரோ பூட்டியபடி கிடக்கும், சாவியோடு இருந்தவர் அங்கில்லை. வந்தவர் திறப்புக்காக என்றென்றும் காத்திருப்பார். திரெட் எனப்படும் பல இழைகளாக ஓடும் நிரல்களில் இதுவே நிகழ்கிறது. சோதனை தவறுவதும் இல்லை, தேறுவதும் இல்லை, தொங்கி நிற்கும். சில நாள் நேரும், சில நாள் நேராது. இத்தகைய சோதனையினால் சோதனைகளின் மேலேயே நம்பிக்கை குலையும் என்பதில் ஐயமில்லை. தவிர, விண்டோஸ் இயங்குதளத்தில் ஃபோர்க் கட்டளையே கிடையாது.

2013-இல் வெளியான 2.38 பதிப்பில் இது திருத்தப்பட்டது. பழைய முறை கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டது. புதிய முறையில், சோதனை நிரல் தன்னையே முதலிலிருந்து புதிதாகத் தொடங்கி, குறித்த ஒரு சோதனையை மட்டும் ஓட்டுமாறு பணிக்கிறது. இரட்டிப்பு இல்லை, ஆகவே பிறர் பூட்டிய பூட்டும் இல்லை. விண்டோஸிலும் இது இயலும். புதிதாகத் தொடங்குவதில் சிறிது நேரம் கூடுதலாகும். அந்நேரத்துக்கு ஈடாகக் கிடைக்கும் உறுதி பெரிது.

அதே பதிப்பில் வந்த வேறொரு திருத்தம், கள ஆய்வுப் பணியாளர்களுக்கு உடனே விளங்கும். முப்பது கிராமங்கள் ஒதுக்கப்பட்டு, இருபத்தெட்டு படிவங்கள் வந்து, இருபத்தெட்டும் குறையற்றவையாக இருந்தால், ஆய்வு முடிந்தது என்று எந்த மேற்பார்வையாளரும் எழுத மாட்டார். விடுபட்ட இரண்டு எங்கே என்று கேட்பார். நிரற் சோதனையிலோ, “தவறியது ஒன்றுமில்லை” என்பதை “எல்லாம் தேறின” என்று கொள்ளும் பழக்கம் எளிதில் வந்து விடுகிறது. பெர்ல் மொழியினர் 1987 முதல் கையாண்டு வந்த டேப் என்னும் அறிக்கை முறையை 2.38 பதிப்பு ஏற்றுக் கொண்டது. இம்முறையில் மொத்தச் சோதனைகள் எத்தனை என்ற திட்டம் ஒரு வரியாகத் தரப்படும். ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணிட்ட வரி ஒன்று வரும். திட்டத்தில் நாற்பது என்றிருந்து முப்பத்தொன்பது வரிகளே வந்தால், நிரல் நடுவில் மாண்டது என்று படிப்பவருக்குத் தெரிந்து விடும். இதனுடன், சோதனை தவிர்க்கப்பட்டது என்றும், இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை என்றும் வெளிப்படையாகக் குறிக்கும் செயற்கூறுகளும் சேர்ந்தன. வலைத் தொடர்பு இல்லாத கணினியில் வலைத் தொடர்புக்குரிய சோதனை ஓடினால், அது தேறியதாகவும் ஆகாது, தவறியதாகவும் ஆகாது. தவிர்க்கப்பட்டதாகவே ஏட்டில் பதியும்.

எல்லாவற்றிலும் நுட்பமான குறை இனி வருவது. அசர்ட் கூற்றுக்கள் நிரலின் வேகத்தைச் சிறிது குறைப்பவை. எனவே வெளியீட்டுக்காக நிரலைத் தொகுக்கும்போது அவற்றை அடியோடு நீக்கி விடும் வசதி சி மொழியில் நெடுங்காலமாக உண்டு. ஜிலிப்பின் பொது உறுதிக் கூற்றும் அங்ஙனமே நீக்கத்தக்கது. சாதாரண நிரலுக்கு இது சரி. சோதனை நிரலையும் அதே விதமாகத் தொகுத்தால் நேர்வது என்ன? சோதனைகள் ஓடும், ஆனால் அவற்றினுள் சரிபார்க்கும் வரிகள் இரா. எதையும் பாராத சோதனை எப்போதும் தேறும். தவறான விடையைக் காட்டிலும் இந்தப் பொய்யான தேர்ச்சி கொடியது எனலாம். 2.38 பதிப்பு, எவ்வகையாகத் தொகுத்தாலும் நீங்காத தனி உறுதிக் கூற்றுக்களைச் சோதனைகளுக்கென்றே தந்தது. சோதனை எழுதுபவர் விரும்பினால், இக்கூற்றுக்களில் ஒன்று பொய்த்த பின்னும் நிரல் நிற்காமல், தவறைக் குறித்துக் கொண்டு மேலே செல்லுமாறு செய்யவும் இயலும்.

பின்னங்களைப் பற்றிய திருத்தம் இன்னும் தாமதித்து வந்தது. கணிப்பொறி எண்களை இரண்டடிமான முறையில் வைப்பதால் 0.1, 0.2 போன்றவற்றைத் துல்லியமாக வைக்க இயலாது. இரண்டையும் கூட்டினால் 0.3-ஐ விடப் பதினேழாவது தசம இடத்தில் சிறிது மிகுந்த எண் கிடைக்கும். “சமமா?” என்று கேட்டால் இல்லை என்றே யந்திரம் சொல்லும். சதுர அடியை 43,560-ஆல் வகுத்து ஏக்கராக்கும் செயற்கூற்றைச் சோதிப்பவருக்கு இது உடனே எதிர்ப்படும். இதற்கு, இவ்வளவு வேறுபாடு பொறுக்கத்தக்கது என்று எல்லை குறித்து ஒப்பிடும் கூற்று, 2018-இல் 2.58 பதிப்பில் சேர்ந்தது. எல்லையை எவ்வளவு வைப்பது என்பதைச் சட்டகம் முடிவு செய்யாது. அளவையின் தன்மையை அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும். எல்லையை ஒரு ஏக்கராக வைத்துக் கொண்டால் மேற்கண்ட அரை பிகாப் பிழையும் தேறி விடும்.

சட்டகத்தையே சோதிப்பது எங்ஙனம் என்பது எஞ்சியுள்ளது. ஜிலிப்பில் இதற்கெனத் தனிச் சோதனை நிரல் ஒன்று உண்டு. தவறியே தீர வேண்டிய சோதனைகளை வேண்டுமென்றே எழுதி, தனிப் புராசஸில் ஓட்டி, அவை தவறின என்று சட்டகம் சரியாக அறிவிக்கிறதா என்று அது பார்க்கிறது. தவற வேண்டியது தேறினால் அதுவே பிழை. வகுப்பில் நிரல் கற்பிக்கும் ஆசிரியர் இதைச் சிறு அளவில் செய்து காட்டலாம். முன்பு கண்ட பிகாச் செயற்கூற்றைப் பிழையுடனேயே எழுதி, மாணவர்கள் அமைத்த சோதனைகளை அதன் மேல் ஓட்ட வேண்டும். எவருடைய சோதனைகள் எல்லாம் தேறுகின்றனவோ, அவர் 19 கட்டா 15 சடாக் என்ற வரியை இன்னும் எழுதவில்லை.